தலைச்சுமையும் நாற்சக்கர மோட்டாரும்

சென்ற மாதம் விடுதி மாடியில் ஒரு வாதம் மூண்டது. பொறியியல் பயிலும் நண்பர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். கனடா நாட்டுப் பனிக்காடு. அறுபது வயதைக் கடந்த ஒருவர் பருத்த நான்கு சக்கரங்கள் கொண்ட மோட்டார் ஒன்றின்மேல் குதிரைச் சவாரிபோல் அமர்ந்து, பின்னால் ஒரு சிறு இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு, தம் சொந்தக் காட்டுக்குள் போகிறார். வெட்டிக் காய்ந்த கட்டைகளை ஏற்றுகிறார். கால் மணி நேரத்தில் வீட்டு வாசலில் குவித்துவிடுகிறார். “இது நம்மிடம் இருந்தால் சந்திரகிரிப் பக்கத்துப் பெண்கள் தலையில் விறகு சுமப்பார்களா?” என்று கேட்டார் நண்பர். எல்லாரும் கை தட்டினர். நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் எண்ணிப் பார்க்கத் தோன்றியது. அதன் விளைவே இக்கட்டுரை.

அந்த வண்டியைப் பழிப்பது என் நோக்கமன்று. அதன் கதை சுவையானது. 1970இல் ஜப்பானிய ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் மூன்று சக்கரங்களோடு அதை முதன்முதல் விற்கத் தொடங்கியது. விறகு சுமக்கவோ வேளாண்மைக்கோ அன்று; பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்பனை படுத்துவிடுகிறதே, அந்த நாட்களில் கடைக்காரர்களுக்கு விற்க ஏதேனும் வேண்டுமே என்பதற்காகச் செய்தார்கள்! அதற்கு உழைப்பைக் கற்றுக் கொடுத்தவர்கள் உழவர்களே. 1980களின் தொடக்கத்தில் சுசுகி நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டி திருப்பங்களில் எளிதில் கவிழ்ந்து பல உயிர்களைக் குடித்ததால், 1988இல் அமெரிக்காவில் அதன் விற்பனை நின்றது. இன்று ஏ.டி.வி. என்று சொல்லப்படுவது நாற்சக்கர வண்டியே. அதன் மந்திரம் டயரில் இருக்கிறது. காரின் டயருக்குச் சதுர அங்குலத்துக்கு 30 ராத்தல் அளவு காற்று அடைப்போம். இதற்கு 5 ராத்தல் போதும். எனவே டயர் தரையில் அப்பளம்போல் பரவி நின்று, சேறானாலும் மணலானாலும் புதையாமல் போகிறது. பின்புறத் தட்டில் 80 கிலோ வரை வைக்கலாம். இழுவை வண்டி மாட்டினால் சில நூறு கிலோ இழுக்கும்.

சில நூறு கிலோ! இனி நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம்.

சந்திரகிரியிலிருந்து திருப்பதிக்கு விடியற்காலைப் பேருந்தில் வருவோர், சாலையோரம் வரிசையாக நடந்துவரும் பெண்களைப் பார்த்திருப்பார்கள். பார்த்தும் பார்க்காமல் இருந்திருப்பார்கள் என்பதே சரி. தெலுங்கில் அதைக் ‘கட்டெல மோப்பு’ என்பார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்தில் நாங்கள் ‘விறகுக் கட்டு’ என்போம். மொழி எதுவாயினும் கழுத்து ஒன்றுதான். எங்கள் ஆயா நாற்பது ஆண்டுகள் சுமந்தவள். அவள் கட்டும் முறையை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அடியில் நீளமான கொம்புகள் இரண்டு, அவற்றின்மேல் கோணல் கட்டைகள், நடுவில் சுள்ளி, எல்லாவற்றுக்கும் மேலே, குத்தாமல் இருக்க, விராலிச் செடியின் தழை. இரண்டு இடத்தில் கொடியால் இறுக்கி முறுக்குவாள். பழம்புடைவையைச் சுருட்டிச் சும்மாடு. பிறகு ஒரு காலை மடக்கி, முழங்காலில் கட்டை நிறுத்தி, ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றுவாள். ஏறக்குறைய 25 கிலோ இருக்கும். அதை இறக்கிவைத்துவிட்டு மறுபடியும் தனியாக ஏற்றுவது கடினம். ஆகவே வழியில் உட்காரமாட்டாள், தண்ணீரும் குடிக்கமாட்டாள்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஆளுயரத்தில் இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்திச் சுமைதாங்கி என்று பெயரிட்டு, சாலைதோறும் வைத்தனர். குனியாமல், பிறர் துணையின்றிச் சுமையை அதன்மேல் நகர்த்தலாம். மீண்டும் அப்படியே தலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நாட்டுவது தமிழ்நாட்டு வழக்கம். எவ்வளவு நுட்பமான மனம் இதனை எண்ணியிருக்க வேண்டும்! ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சுமையை இளைப்பாற்ற ஒரு கல்லைக் கண்டுபிடித்த சமுதாயம், அந்தச் சுமையைத் தலையிலிருந்து சக்கரத்துக்கு மாற்ற வேண்டும் என்று அவ்வளவு மும்முரமாக எண்ணவில்லை. நெல்லுக்கு வண்டி இருந்தது. உப்புக்கு வண்டி இருந்தது. தேருக்கு ஆள் உயரச் சக்கரமே இருந்தது. வீட்டு அடுப்புக்கு எரியும் விறகுக்கு மட்டும் பெண்ணின் தலையே வண்டி.

திருவிளையாடற் புராணத்தில் சிவபெருமான் பாணபத்திரருக்காக மதுரை வீதியில் விறகு சுமந்து வந்து விற்கிறார். இறைவனையே விறகாளாக ஆக்கிப் பார்த்த தமிழின் பெருமையைப் பட்டிமன்றங்களில் நாம் பேசுகிறோம். நன்று. ஆனால் அவர் ஒரு நாள்தான் சுமந்தார். அதுவும் பாட்டுப் பாடி ஒரு வித்துவானை விரட்டுவதற்காகச் சுமந்தார். அடுத்த வாரம் அடுப்பு அணையாமல் இருப்பதற்காக மறுபடியும் அவர் காட்டுக்குப் போகவில்லை.

இப்போது நண்பரின் மோட்டாருக்கு வருகிறேன். கனடாக்காரர் சென்றது தம் சொந்தக் காட்டுக்கு. வெட்டியது தம் மரம். வண்டி அவருடையது, பாதையும் அவருடையது. எங்கள் ஆயாவுக்கு இந்த நான்கில் எதுவும் இல்லை. சேசாசலக் காட்டின் ஒரு பகுதி 1989இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சேசாசலம் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம். விறகுக்குப் போகிறவள் காட்டின் விளிம்பிலும் ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் விழுந்து கிடப்பதைப் பொறுக்குகிறாள். சத்தமில்லாமல் போய்ச் சத்தமில்லாமல் வருவதே அவளுக்குப் பாதுகாப்பு. அவளிடம் ஒரு மோட்டாரைக் கொடுத்துப் பாருங்கள்! மூன்று கல் தொலைவுக்கு அதன் ஓசை கேட்கும். காவலருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

சட்டத்தை விடுங்கள், காட்டை நினையுங்கள். தலையில் சுமக்கிறவள் எடுத்துவருவது தலை தாங்கும் அளவுதான். அவள் சுள்ளி பொறுக்குகிறாள். முற்றிய மரத்தை வீழ்த்த அவளுக்குக் கோடரியுமில்லை, நேரமுமில்லை. மோட்டார் வந்துவிட்டால் கணக்கு மாறும். வங்கிக் கடன் இருக்கும். பெட்ரோல் செலவு இருக்கும். சில நூறு கிலோ ஏற்றினால்தான் கட்டுபடியாகும். சில நூறு கிலோ எந்த வீட்டு அடுப்புக்கும் ஒரே நாளில் வேண்டியதில்லை. எனவே மிச்சம் விற்பனைக்குப் போகும். விற்பனை என்றதும் சுள்ளி மறைந்து மரம் தேவைப்படும்.

விலையுள்ள மரம் என்ன செய்யும் என்பதற்கு இம்மலையில் வேறு உதாரணம் தேடவேண்டாம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் கடல் கடந்து பெரும் விலைக்குப் போகிறது. அதற்கு லாரி வருகிறது, கார் வருகிறது. ஆனால் அந்த வண்டிகள் காட்டுக்குள் வருவதில்லை. சாலையில் இருட்டில் நிற்கின்றன. காட்டுக்குள்ளிருந்து சாலை வரை கட்டையைத் தோளில் சுமந்து வருகிறவன் கூலியாள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேசாசலக் காட்டில், ஆந்திரக் காவல்துறையின் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். அவர்கள் திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அதன் நியாய அநியாயம் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. நான் இங்குச் சுட்ட விரும்புவது ஒன்றே: சுமந்தவர்கள் காட்டில் கிடந்தார்கள், வண்டிக்காரர்கள் சாலையில் இருந்தார்கள். இம்மலையடிவாரத்தில் தமிழ் பயிலும் நமக்கு இது பாடப் புத்தகத்துக்கு வெளியே உள்ள பாடம். மோட்டாரும் மரமும் சேரும் இடத்தில் ஆதாயம் கைப்பிடியைப் பிடித்தவனுக்கே போகிறது.

கைப்பிடி என்றதும் இன்னொன்று. நண்பர் காட்டிய படத்தில் ஓட்டியவர் ஓர் ஆண். நம் ஊரிலும் அப்படித்தான் ஆகும். தலைச்சுமையாக இருக்கும்வரை விறகு பெண்ணின் வேலை. சக்கரம் வந்த மறுநாளே அது ஆணின் தொழிலாகிவிடும். தொழில் என்றால் கூலி உண்டு. வேலை என்றால் கூலி இல்லை. எங்கள் தெருவில் ‘குட்டியானை’ வைத்திருப்போர் நால்வர். சவுக்குக் கட்டையும் சீமைக்கருவேல் விறகும் செங்கல் சூளைக்கும் ஓட்டலுக்கும் அதில்தான் போகின்றன. நால்வரும் ஆண்கள். நால்வர் வீட்டிலும் அடுப்பு விறகு இன்னும் தலையில்தான் வருகிறது! நான் கற்பனை செய்யவில்லை. நான்கு வீட்டுக் கொல்லையையும் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

கைப்பிடியைப் பெண்ணிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தனர். கல் உடைக்கும் பெண்கள், கூலிப் பெண்கள், ஆசிரியைகள் எல்லாரும் ஆயிரக்கணக்கில் ஏறி ஓட்டினர். முதலில் ஊரார் நகைத்தனர். பிறகு பார்த்தால் பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் குழந்தை, பக்கத்தில் விளைபொருள் மூட்டை. பேருந்துக்குக் காத்திருந்த நேரம் மிஞ்சிற்று. தந்தையையோ கணவனையோ எதிர்பார்ப்பது குறைந்தது. அங்கே யாரும் பல லட்ச ரூபாய் மோட்டாரைக் கொண்டுவரவில்லை. பழைய சைக்கிள்தான். அந்தச் சைக்கிளின் பெரிய சிறப்பு, அதனை ஓட்டினவள் பெண் என்பதே.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “பேச்சு நன்றாயிருக்கிறது. கிழவியின் கழுத்து வலிக்கு வழி சொல்” என்றார். நியாயமான கேள்வி. வழி சொல்வதற்கு முன் ஒரு சிறு கணக்கு.

மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பத்தில் எட்டில் ஒரு பங்குதான் பானைக்குப் போகிறது. மற்றது கண்ணுக்கும் கூரைக்கும் போகிறது. எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் பானையில் சேர்கிறது. எரிவாயுவின் வெப்பம் விறகைப்போல் கிலோவுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று சுமார் 200 கிலோ விறகுக்குச் சமம். அதாவது ஆயாவின் தலைச்சுமை எட்டு! ஐந்து பேர் உள்ள வீட்டில் நாளைக்கு 5 கிலோ விறகு எரியும் என்றால் அது நாற்பது நாள் சமையல். ஆக, சுமையைத் தூக்கிச் செல்லும் வண்டியைத் தேடுவதற்கு முன், சுமையே வேண்டாமல் செய்யும் வண்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது அடுப்பு.

அரசினர் இதை அறியாதவர் அல்லர். அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 1999இல் தீபம் திட்டம் வந்தது. ஏழைப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு. 2016இல் மத்திய அரசின் உஜ்வலா. இணைப்பு வந்தது உண்மை. எங்கள் ஆயா வீட்டிலும் வந்தது. மூலையில் நிற்கிறது, ஆயுத பூசை அன்று அதற்கு மஞ்சள் குங்குமம் இடுகிறாள். விருந்தாளி வந்தால் காப்பி போட மூட்டுகிறாள். சோறும் வெந்நீரும் இன்றும் விறகில். “இன்னாத்துக்கு ஆயா இது? காஸ் இருக்குதே” என்றால், “காஸ் தீந்தா நீயா துட்டு குடுப்பே? காட்டுக்காரன் துட்டா கேக்கறான்?” என்கிறாள். சிலிண்டரின் விலை ரொக்கம். விறகின் விலை கழுத்து. கையில் ரொக்கம் இல்லாதவள் கழுத்தைக் கொடுக்கிறாள். முதல் சிலிண்டரைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வது எளிது. ஏழாவது சிலிண்டரை வாங்கச் செய்வதே திட்டம். அதற்கு வேண்டிய பணம் மோட்டார் வண்டிக்கு ஆகும் பணத்தில் மிகச் சிறு பங்கு.

இவ்விடத்தில் ஒரு வேதனை. 2002இல் திருமலையில் சூரிய வெப்பத்தால் நீராவி உண்டாக்கிச் சமைக்கும் பெரிய அமைப்பு ஒன்று நிறுவப்பட்டது. வெயிலை வாங்கித் திருப்பும் 106 கிண்ணங்கள். 15,000 பேருக்குச் சமைக்கும் ஆற்றல். உலகமே வியந்த ஏற்பாடு. மலைமேல் ஏழுமலையானின் அடியார்க்கு ஞாயிறே அடுப்பெரிக்க, அதே மலையின் அடிவாரத்தில் அவன் மகளிர் சுள்ளி பொறுக்கினர். மேலே ஏறிய அறிவு கீழே இறங்குவதற்கு எத்தனை படிகள் வேண்டுமோ!

எரிவாயு வாங்க முடியாத நாட்களுக்கு நல்ல விறகடுப்பாவது வேண்டும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ‘அஸ்த்ரா’ என்ற பிரிவினர் கிராமத்து மண்ணும் செங்கல்லும் கொண்டு புகைபோக்கி அடுப்பைச் செய்து காட்டினார்கள். எட்டில் ஒரு பங்கு என்பதை நான்கில் ஒரு பங்காக ஆக்கினாலே எட்டுச் சுமை நான்காகிவிடும். எந்த மோட்டார் இதைச் செய்யும்? ஆனால் 1980களில் நாடெங்கும் கட்டிய புகையில்லா அடுப்புகளில் பல, சில ஆண்டுகளில் இடிந்து கிடந்தன. புகைபோக்கியில் கரி அடைத்தால் துடைக்க ஆள் இல்லை. கட்டியவர் கணக்கெழுதிக்கொண்டு போனார். சமைக்கிறவள் மறுபடியும் மூன்று கல்லை வைத்தாள். எங்கள் ஊரில் அப்படிக் கட்டிய அடுப்பு ஒன்றில் இப்போது கோழி அடைகாக்கிறது.

மீதியுள்ள நான்கு சுமைக்குத்தான் சக்கரம். இங்கே நண்பருக்கும் எனக்கும் உடன்பாடு ஏற்பட்டது. காட்டுப்பாதை ஒற்றையடிப் பாதை. அதில் நான்கு சக்கரம் போவதற்குச் செடியை வெட்ட வேண்டும். ஒரு சக்கரம் போவதற்கு எதையும் வெட்ட வேண்டாம். சீனர்கள் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் கண்டனர். அவர்களுடைய ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பெரிய சக்கரம் நடுவில் இருக்கும். இரு பக்கமும் சுமை. எடை முழுவதும் அச்சின்மேல் விழுவதால் தள்ளுகிறவர் தாங்க வேண்டுவதில்லை. சாயாமல் பிடித்தால் போதும். நம் கட்டட வேலையில் உருட்டும் வண்டியில் சக்கரம் முன்னால் இருக்கிறது. ஆதலால் பாதிச் சுமை தள்ளுகிறவர் கையில் தொங்குகிறது. இத்தனை எளிய வேறுபாடு! இரண்டு தலைச்சுமையை ஒரே நடையில், கழுத்தில் ஒரு கிலோகூட இல்லாமல், ஒரு பெண் உருட்டிக்கொண்டு வரலாம். பெட்ரோல் இல்லை, ஓசை இல்லை, காட்டைச் சூறையாடும் அளவுக்கு ஏற்றவும் முடியாது. பாறையும் ஏற்றமும் உள்ள இடத்தில் இது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளிம்பிலிருந்து ஊர் வரையுள்ள பாதை பெரும்பாலும் சமதளமே; கழுத்து ஒடிவதும் அந்த நீண்ட சமதளத்தில்தான்.

அதைவிடவும் நல்லது, விறகை ஊருக்கே கொண்டுவந்துவிடுவது. சீமைக்கருவேல் நம் ஏரிகளில் வேண்டாத விருந்தாளியாய்க் குடியிருக்கிறது. அதை ஏலம் விட்டுச் சூளைக்கு அனுப்புகிறார்கள். ஊர்ப் பெண்களுக்கு முதல் உரிமை என்று ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டால் மூன்று கல் நடை அரைக் கல்லாகும். அந்த வேலைக்கு டிராக்டரோ குட்டியானையோ வரட்டும். நண்பரின் நாற்சக்கர மோட்டார்கூட வரட்டும். வாடகையைப் பெண்கள் குழு வாங்கட்டும். சொந்தத் தோப்பும் களமும் உடையவர் இன்றே வாங்கி ஓட்டலாம்; யார் தடுக்கிறார்கள்? சேசாசலத்துக்குள் மட்டும் வேண்டாம்.

பொங்கல் விடுமுறையில் நண்பர் எங்கள் ஊருக்கு வந்தார். பழைய இரும்புக் கடையில் மோட்டார் சைக்கிள் சக்கரம் ஒன்று, தண்ணீர்க் குழாய்த் துண்டுகள் நான்கு வாங்கினோம். பற்றவைப்புக் கடைக்காரர், “சக்கரத்தை நடுவுல வெச்சா மேல எப்படிப்பா சுமை ஏத்துவே?” என்று அரை நாள் வாதாடினார், பிறகு அவரே சக்கரத்துக்கு மேல் பெட்டிபோல் ஒரு கூடு அமைத்தார். முதல் ஓட்டத்தில் கைப்பிடி ஆயாவின் நெஞ்சுயரத்துக்கு வந்துவிட்டது. எங்கள் இருவர் உயரத்துக்கு அளவெடுத்திருந்தோம்! ஆறு அங்குலம் அறுத்தோம். ஏரிக்கரை வரை ஆயா உருட்டிப் போனாள். வரும்போது வண்டி இரண்டு முறை சாய்ந்தது. மூன்றாம் முறை சாயவில்லை. “இத்த ரெண்டு காலு வெச்சு நிக்க வையிடா. நான் தண்ணி குடிக்கணும்” என்றாள்.

நிறுத்துகால் வைக்க மறந்திருந்தோம். நண்பர் இப்போது அதை வரைந்துகொண்டிருக்கிறார். வரைபடம் வேண்டுவோர் விடுதி மாடிக்கு வரலாம். வரும்போது தத்தம் வீட்டில் விறகு சுமக்கிறவர் உயரத்தை அளந்து கொண்டுவாருங்கள்.